வானுக்குப் போன துரைமார்: விமானப்படை வீரப் பதக்கங்களைத் தேடும் வழி

யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றின் லயத்தில், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்துத் திறந்தார் ஒரு பெரியவர். உள்ளே பழைய அடையாள அட்டை, இரண்டு பிறப்புச் சான்றிதழ், ஒரு துணி முடிச்சு. முடிச்சை அவிழ்த்து ஒரு வெண்கல நட்சத்திரத்தை என் உள்ளங்கையில் வைத்தார். ஆறு முனை. நடுவில் முடியும் அரச எழுத்தும்.

“இது சின்னத் துரைக்கு வெள்ளக்கார ராசா குடுத்தது தம்பி. பிளேன் ஓட்டுனவராம். ஊருக்குப் போகயில எங்கப்பாகிட்ட குடுத்துட்டுப் போனாராம். பெரிய வீரப் பதக்கம்.”

அது வீரப் பதக்கம் இல்லை என்பது பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்வதற்கு முன் நான் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய இருந்தன. அந்தத் தேடலில் கற்றதையும் அதற்குப் பிறகு கற்றதையும் சேர்த்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களில் இப்படிப்பட்ட கதைகள் அதிகம். இரண்டாம் உலகப் போர் வந்ததும் துரைமார் சிலர் பங்களாவைப் பூட்டிவிட்டுப் படைக்குப் போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. அவர்களைப் பற்றிய பேச்சு மட்டும் லயத்தில் தங்கிவிட்டது. அந்தப் பேச்சை ஒரு பெயர், ஒரு இலக்கம், ஒரு ஸ்குவாட்ரன், திகதியிட்ட ஒரு பக்கம் ஆகிய நான்கோடும் பொருத்திக் காட்டினால்தான் அது வரலாறு. இதைச் செய்ய லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. முக்கால் பங்கு வேலையைக் கையில் இருக்கும் ஃபோனிலேயே முடிக்கலாம். மீதிக்கு ஒரு முறை கொழும்புக்குப் பஸ் ஏறினால் போதும்.

எது வீரப் பதக்கம்?

போரில் பணி செய்த எல்லோருக்கும் கிடைத்தவை பணிப் பதக்கங்கள். ஒரு குறிப்பிட்ட செயலுக்காக, அல்லது பல பறப்புகளில் தொடர்ந்து காட்டிய துணிவுக்காக, ஆளைப் பெயர் சொல்லித் தேர்ந்து கொடுத்தவை வீரப் பதக்கங்கள். இந்த வேறுபாடு தெரியாமல் தேடப் புறப்பட்டால் மாதக்கணக்கில் வீண் அலைச்சல்தான்.

வெண்கல நட்சத்திரங்கள் எல்லாம் பணிப் பதக்கங்கள். 1939–45 நட்சத்திரம், பர்மா நட்சத்திரம், அட்லாண்டிக் நட்சத்திரம், ஐரோப்பிய வான்குழு நட்சத்திரம் ஆகியவை அந்த வகை. பிரித்தானியா வழங்கிய இந்த நட்சத்திரங்களில் பெரும்பாலும் பெயர் பொறிக்கப்படவில்லை. நட்சத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் உரியவர் யாரென்று அது சொல்லாது. விமானக் குழுவில் அறுபது நாள் இருந்து ஒரு போர்ப் பறப்பாவது செய்தவருக்கே 1939–45 நட்சத்திரம் உரியதாகிவிடும். அதை வைத்திருப்பது பெருமைதான், ஆனால் அதைக் கொண்டு வீரச் செயலொன்றைத் தேடினால் எதுவும் அகப்படாது.

விமானப்படைக்கென்றே ஏற்பட்ட வீர விருதுகள் நான்கும் ஒரே நாளில், 1918 யூன் 3 இல், உருவாக்கப்பட்டன. எதிரியை எதிர்த்துப் பறந்ததற்கு அதிகாரிகளுக்கும் வாரண்ட் அதிகாரிகளுக்கும் டி.எஃப்.சி. என்ற வெள்ளிச் சிலுவை, அவர்களுக்குக் கீழ்ப்பட்ட சார்ஜன்ட் போன்றோருக்கு டி.எஃப்.எம். என்ற வெள்ளிப் பதக்கம். எதிரியின் முன்னல்லாமல் பறப்பில் காட்டிய துணிவுக்கும் கடமைக்கும் ஏ.எஃப்.சி., ஏ.எஃப்.எம். இவற்றுக்கு மேலே முப்படைக்கும் பொதுவான டி.எஸ்.ஓ.வும் விக்டோரியா சிலுவையும் இருந்தன. 1942 இலிருந்து சார்ஜன்ட் நிலையினருக்குப் பறப்புக்கான சி.ஜி.எம். பதக்கமும் கிடைத்தது.

ஒரே விமானம், ஒரே குண்டுமழை, ஒரே இரவு. விமானி அதிகாரியாக இருந்தால் அவருக்குச் சிலுவை, பின்னால் துப்பாக்கிக் கூண்டில் குந்தியிருந்த சார்ஜன்டுக்குப் பதக்கம். இரண்டாம் உலகப் போரில் டி.எஃப்.சி. இருபதாயிரத்துக்கும் மேல் வழங்கப்பட்டது. டி.எஃப்.எம். ஏழாயிரத்தைத் தொடவில்லை. குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர்களில் சார்ஜன்ட் நிலையினர் எத்தனை பேர் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு மனதை உறுத்தும். துரைக்கு ஒன்று, கங்காணிக்கு ஒன்று, பேர் போடும் தொழிலாளிக்கு ஒன்று என்று தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயமா? டி.எஃப்.எம். 1993 இல் நிறுத்தப்பட்டு, டி.எஃப்.சி. எல்லா நிலையினருக்கும் பொதுவாக்கப்பட்டது. எழுபத்தைந்து வருடம் தாமதமான நீதி அது.

பொருளைக் கையில் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டி.எஃப்.எம். பதக்கத்தின் விளிம்பில் இலக்கம், பதவி, பெயர் மூன்றும் பொறிக்கப்பட்டிருக்கும். விளிம்பைப் படித்தால் பாதி வேலை முடிந்தது. டி.எஃப்.சி. சிலுவையில் அரசு பெயர் பொறிப்பதில்லை. பின்புறம் கீழ்க்கையில் வருடம் மட்டுமே இருக்கும். சிலர் பின்னர் தாமாகப் பெயர் வெட்டுவித்துக்கொண்டார்கள். அதனால் பெயரில்லாத சிலுவையை ‘இன்னாருடையது’ என்று யாராவது விற்க வந்தால், தாள் சான்று இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் முறையும் அதே விருதைப் பெற்றவருக்கு இரண்டாவது சிலுவை கிடையாது. நாடாவில் ஒரு வெள்ளிப் பட்டை கோப்பார்கள். ‘டி.எஃப்.சி. அன்ட் பார்’ என்று ஏடுகளில் வருவது இதைத்தான். வர்த்தமானியில் இரண்டு பக்கங்கள் இருக்கும், இரண்டையும் தேட வேண்டும்.

இன்னொரு விதி பல குடும்பக் கதைகளைத் தெளிவாக்கும். அந்தப் போர்க்காலத்தில், செயலிலேயே உயிர்விட்டவருக்கு விக்டோரியா சிலுவையோ அறிக்கையில் பெயர் குறிப்பிடும் கௌரவமோதான் கொடுக்க முடிந்தது. அதற்கு முன்பே பரிந்துரைக்கப்பட்டிருந்தால் ஒழிய டி.எஃப்.சி. கிடைக்காது. ‘விழுந்து செத்ததுக்காக டி.எஃப்.சி. கொடுத்தார்கள்’ என்று கதை வந்தால், அந்த விருது அவருடைய முந்தைய பறப்புகளுக்கானதாக இருக்கும். திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெயரைப் பிடிப்பது

லயத்துக் கதையில் துரைக்குப் பெயர் இருக்காது. ‘நெட்டைத் துரை’, ‘கண்ணாடித் துரை’, ‘குதிரைத் துரை’ என்றுதான் வரும். தோட்டத்துக்கும் நம்மவர்கள் வைத்த பெயர் வேறு, கம்பனி ஏட்டில் இருக்கும் பெயர் வேறு. ஆகவே முதல் வேலை தோட்டத்தின் ஏட்டுப் பெயரைக் கண்டுபிடிப்பது. பழைய சம்பளத் துண்டு, பிறப்புச் சான்றிதழ், ஸ்டோரின் முகப்பு, கோயில் கல்வெட்டு, ஏதாவதொன்றில் அது இருக்கும்.

ஏட்டுப் பெயர் கிடைத்ததும் ஃபெர்குசன் சிலோன் டைரக்டரியைத் தேடுங்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் உரிமையாளர், ஏக்கர் அளவு, சூப்பிரின்டென்டன் பெயர் எல்லாம் அதில் இருக்கும். 1938 முதல் 1947 வரை வந்த தொகுதிகளை வரிசையாகப் பாருங்கள். ஒரு பெயர் 1940 இல் இருந்து 1941 இல் மறைந்து 1946 இல் திரும்ப வந்தால் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப வராவிட்டாலும் குறித்துக்கொள்ளுங்கள். கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தின் வாசிப்பறையில் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். டைம்ஸ் ஒஃப் சிலோன், ஒப்சேவர், டெய்லி நியூஸ் ஆகியவற்றின் பழைய இதழ்களுக்கும் அதுவே இடம். போர்க்காலப் பத்திரிகைகளில் தோட்டத்துரைமார் பற்றிய சிறு செய்திகள் உள்பக்கங்களில் ஒளிந்திருக்கும். 1930 இல் தொடங்கிய வீரகேசரியையும் 1932 இல் தொடங்கிய தினகரனையும் விட்டுவிடாதீர்கள். ஆங்கிலப் பத்திரிகை கவனிக்காத தோட்டச் செய்தியைத் தமிழ்ப் பத்திரிகை கவனித்திருக்கும்.

பெரிய துரை, சின்னத் துரை இருவரையும் சேர்த்துத் தேடுங்கள். படைக்குப் போகும் வயது பெரும்பாலும் சின்னத் துரைக்குத்தான். டைரக்டரியில் உதவிச் சூப்பிரின்டென்டன்களின் பெயர் எப்போதும் வரும் என்றில்லை. அப்படியான சமயத்தில் பழைய அங்கிலிக்கன் தேவாலயங்களின் சுவர்ப் பலகைகளையும் திருமணப் பதிவேடுகளையும் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் தேடுபவர் வெள்ளைக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரோயல் சிலோன் விமானப்படைக்கு 1962 இல் முதல் இலங்கைத் தளபதியாக வந்த ரொஹான் அமரசேகர, போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையின் குண்டுவீச்சு விமானங்களில் வழிகாட்டும் நெவிகேட்டராகப் பறந்து டி.எஃப்.சி.யும் பட்டையும் பெற்றவர். அவர் பெயரை ஆங்கிலத்தில் ஒரு ஏடு ஒரு விதமாகவும் இன்னொன்று வேறு விதமாகவும் எழுதியிருக்கிறது. ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதிச் சான்று தவறிப்போகும்.

தமிழ்ப் பெயரில் சிக்கல் இதைவிடப் பெரிது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறோம். படையில் சேர்த்த எழுத்தர், தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதியிருக்கலாம், அல்லது ஆளின் பெயரையே குடும்பப் பெயராக்கியிருக்கலாம். முத்துசாமி மகன் இராமையா என்றால் மு. இராமையா என்றும் இரா. முத்துசாமி என்றும் இரண்டு வழியிலும் தேடுங்கள். சாமி, சுவாமி, ஸாமி மூன்றையும் போட்டுப் பாருங்கள். கிறிஸ்தவப் பெயர் இருந்தால் அதைத் தனியாகப் போடுங்கள்.

பெயர் ஒன்று கிடைத்தால் அடுத்தது பணி இலக்கம். அதிகாரிகளின் பெயர்கள் ஏர் ஃபோர்ஸ் லிஸ்ட் என்ற அரசாங்கப் பட்டியலில் உள்ளன. ஸ்கொட்லாந்தின் தேசிய நூலகம் அந்தப் பட்டியல்களைப் படமெடுத்து இலவசமாக வைத்திருக்கிறது. மற்ற நிலையினருக்கு லண்டன் கியூவில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஏர் 78’ தொகுதி ஒரு பெயரடைவு. ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், ஆனால் இலக்கம் ஆளைப் பிரித்துக் காட்டும். இலக்கம் கையில் வந்த நிமிடத்திலிருந்து தேடல் வேகமாகும்.

கசெட்டின் பக்கம்

பிரித்தானிய அரசின் வர்த்தமானியான லண்டன் கசெட் 1665 இலிருந்து வருகிறது. போர்க்கால இதழ்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகத் தேடக்கூடியவை. விருது அங்கே அச்சாகாமல் அதிகாரபூர்வமாகாது. எந்தக் கதையும் கடைசியில் இந்த வாசலுக்குத்தான் வந்து நிற்க வேண்டும்.

தேடும்போது பெயருக்கு முன் இலக்கத்தைப் போடுங்கள். பழைய அச்சைக் கணினி படித்ததில் எழுத்துப் பிழைகள் ஏராளம். பெயர் தவறாகப் பதிவாகியிருந்தாலும் இலக்கம் சரியாக இருக்கும், சில சமயம் தலைகீழ். கிடைத்தவுடன் இதழ் எண், பக்க எண், திகதி மூன்றையும் எழுதிவையுங்கள். பெரும்பாலும் அது மூல இதழில் இருக்காது, துணை இதழில் இருக்கும். இரண்டுக்கும் திகதி வேறு.

கசெட்டின் திகதி செயலின் திகதி அல்ல. வாரங்களும் மாதங்களும் இடைவெளி இருக்கும். கைதியாகப் பிடிபட்டவர்கள் பலரின் விருதுகளோ போர் முடிந்த பிறகுதான் வெளிவந்தன. கசெட்டில் செய்தது என்ன என்று எழுதிய பாராட்டுரை எல்லோருக்கும் இருக்காது. ஒரு குறிப்பிட்ட செயலுக்கு உடனடியாகக் கொடுத்த விருதுகளுக்குப் பெரும்பாலும் உண்டு. ஒரு பறப்புச் சுற்றின் முடிவில் மொத்தமாகக் கொடுத்தவற்றில் பல வெறும் பெயர்ப் பட்டியல்தான். குண்டுவீச்சுப் பிரிவில் ஒரு சுற்று என்பது முப்பது போர்ப் பறப்பு. பட்டியலில் மட்டும் பெயர் இருந்தால் மனந்தளர வேண்டாம். கியூவில் ‘ஏர் 2’ தொகுதியில் பரிந்துரைத் தாள்கள் உள்ளன. எத்தனை பறப்பு, எத்தனை மணிநேரம், எந்த இரவு என்ன நடந்தது என்று மேலதிகாரி எழுதிய குறிப்பு அங்கே கிடைக்கும். ஆனால் அந்தக் கோப்புகள் பெயர் வரிசையில் இல்லை. கசெட் திகதியை வைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைய முடியும். அதனால்தான் திகதி திகதி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பரிந்துரை ஒருவரைப் பற்றிப் பேசும், ஸ்குவாட்ரனின் நாட்குறிப்பு எல்லோரைப் பற்றியும் பேசும். ‘ஏர் 27’ என்ற தொகுதியில் ஒவ்வொரு ஸ்குவாட்ரனுக்கும் நாட்குறிப்பு இருக்கிறது. அதில் 540 ஆம் படிவம் அன்றைய நிகழ்வுகளின் சுருக்கம். 541 ஆம் படிவம் விமானம் விமானமாக, ஆள் ஆளாக, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம். என் கணிப்பில் 541 தான் பொக்கிஷம். பதக்கம் பெற்றவரோடு அன்றிரவு யார் யார் பறந்தார்கள் என்பதைக் காட்டும் தாள் அது.

தனியாளின் பணிப்பதிவேடு வேறு. அவை பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சின் கையில் இருந்தன. 2022 இலிருந்து கட்டம் கட்டமாகக் கியூவுக்கு மாற்றப்பட்டு வருகின்றன. விண்ணப்பிக்கும் முன் தற்போது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இலங்கை வானில் ஒரு தேடல்

முறையை ஒரு உண்மை மனிதரை வைத்துப் பார்ப்போம். 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் இறப்பர் எதிரியின் கைக்குப் போனது. அடுத்தது இலங்கைதான் என்று எல்லோரும் நடுங்கிய நாட்கள் அவை. ஏப்ரல் 4 ஆம் திகதி, கனடா விமானப்படையின் 413 ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த லெனர்ட் பேர்ச்சல், காலிக்கு அருகே கொக்கலை வாவியிலிருந்து கட்டலீனா என்ற கடல் விமானத்தில் ரோந்து புறப்பட்டார். இலங்கைக்குத் தென்கிழக்கே சுமார் 350 மைல் தொலைவில் அட்மிரல் நகுமோவின் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார். வானொலியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே எதிரி விமானங்கள் சுட்டு வீழ்த்தின. விமானத்தில் இருந்தவர்கள் ஒன்பது பேர். மூவர் இறந்தார்கள். மீதிப் பேரைக் கடலிலிருந்து எடுத்துக் கைதிகளாகக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பின் மீது குண்டு விழுந்தது. முன்னெச்சரிக்கை கிடைத்திருந்ததால் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் வெளியேற்றப்பட்டிருந்தன. பேர்ச்சலுக்கு டி.எஃப்.சி. கிடைத்தது. ‘இலங்கையின் மீட்பர்’ என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது.

இப்போது தேடுபவர் கேட்க வேண்டியவை. பட்டம் யார் கொடுத்தது? அது விருதல்ல, பத்திரிகையும் மேடையும் சொல்லிச் சொல்லி நிலைத்தது. அதைச் சான்றாக எடுக்கக் கூடாது. டி.எஃப்.சி. எதற்கு? ஏப்ரல் 4 இன் பறப்புக்கு. அவர் பெயருக்குப் பின்னால் ஓ.பி.இ. என்ற விருதும் இருக்கிறதே? அது போர் முடிந்த பின், சிறை முகாம்களில் சக கைதிகளுக்காக நின்றதற்கு. ஒரே மனிதர், இரண்டு வேறு காரணம், இரண்டு வேறு தாள். இரண்டையும் கலந்து ‘கப்பற்படையைக் கண்டதற்கு ஓ.பி.இ.’ என்று எழுதிவிட்டால் அது ஒரு கட்டுரையிலிருந்து பத்துக் கட்டுரைக்குப் பரவும். அவர் கனடாக்காரர் என்பதால் லண்டனோடு கனடாவின் தேசிய நூலகமும் ஆவணக்காப்பகமும் பார்க்கப்பட வேண்டும். அந்த நாட்டு விமானப்படையினரின் விருதுகளை வரலாற்றாசிரியர் ஹியூ ஹாலிடே பல வருடம் உழைத்துத் தொகுத்திருக்கிறார். அதைத் தொடங்குமிடமாகக் கொள்ளலாம்.

அடுத்து நாட்குறிப்பு. எச்சரிக்கை வந்தும், அந்த ஞாயிறு காலை எதிரி தலைக்கு மேலே வந்தபோது இரத்மலானையில் 30 ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன் விமானங்கள் இன்னும் தரையிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தன. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் இருந்த 258 ஆம் ஸ்குவாட்ரனும் கடும் இழப்பைச் சந்தித்தது. பாராட்டுரையை மட்டும் படித்தவருக்கு இது தெரிய வராது. ஏப்ரல் 9 திருகோணமலைத் தாக்குதலுக்குச் சீனன்குடாவில் இருந்த 261 ஆம் ஸ்குவாட்ரனின் ஏட்டைப் பாருங்கள்.

பலர் இடறும் கல் ஒன்று இங்கே இருக்கிறது. அந்த நாட்களில் இலங்கை வானில் பறந்த எல்லோரும் விமானப்படையினர் அல்ல. ஃபுல்மார், சுவோட்ஃபிஷ் விமானங்களில் பறந்தவர்கள் கடற்படையினர். அவர்களின் விருதுகள் டி.எஸ்.சி., டி.எஸ்.எம். அவர்களின் ஆவணங்கள் கடற்படைத் தொகுதிகளில் இருக்கும். விமானப்படை ஏடுகளில் நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார்கள்.

இன்னொரு மயக்கம் 102 ஆம் ஸ்குவாட்ரன். அதன் பெயரிலேயே ‘சிலோன்’ உண்டு. அது இலங்கையர் படை அல்ல. இலங்கையில் திரட்டிய போர் நிதிக்கு நன்றியாகக் கொடுத்த பெயர் அது. 1940 இல் அந்த ஸ்குவாட்ரனில் பறந்தபோது டி.எஸ்.ஓ. பெற்ற லெனர்ட் செஷயர், 1944 இல் விக்டோரியா சிலுவை பெற்றவர், இங்கிலாந்துக்காரர். ‘சிலோன் ஸ்குவாட்ரனில் பதக்கம் வாங்கியவர்’ என்று பழைய குறிப்பில் கண்டால் அவரை நம்மூர்க்காரராக்கிவிடாதீர்கள்.

எதிர்த்தரப்பின் ஏடு

பதக்கத்தின் கதையைச் சொல்பவர் கொடுத்த தரப்பினர். வாங்கியவரின் எதிரி என்ன எழுதினான் என்று பார்த்தால் சில சமயம் கதையே மாறும். இதற்கு நான் அறிந்த சிறந்த உதாரணம் இந்திய விமானப்படையின் ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பையா தேவய்யா, குடகு மண்ணைச் சேர்ந்தவர். 1965 செப்டெம்பர் 7 இல் பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கப்போய், திரும்பவில்லை. என்ன ஆனார் என்று சொந்தப் படைக்கே தெரியாது. வருடங்கள் கழித்து, பாகிஸ்தான் தரப்புக் குறிப்புகளைக் கொண்டு வெளிநாட்டவர் ஒருவர் எழுதிய நூலிலிருந்துதான், அன்று பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் விமானமொன்றை இந்திய மிஸ்டேர் விமானி ஒருவர் வீழ்த்தினார் என்பது வெளியே வந்தது. அந்த விமானி தேவய்யாதான் என்று பொருத்திக் காட்டினார்கள். 1988 இல், இறந்து இருபத்துமூன்று வருடம் கழித்து, அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவர்கள் இல்லாவிட்டால் ‘காணாமற்போனார்’ என்ற ஒற்றைச் சொல்லோடு அவர் கதை முடிந்திருக்கும்.

நம் நாட்டுச் சொந்தப் போரின் விருதுகளைத் தேடுபவருக்கும் முறை இதுவே. பரம வீர விபூஷணய முதலான விருதுகள் இலங்கை வர்த்தமானியில் வருகின்றன. ஆனால் அந்தக் காயம் ஆறாதது. வானிலிருந்து பார்த்தவர் எழுதிய பாராட்டுரை தரையில் இருந்தவரின் கதை ஆகாது. இரு பக்கத்துக் குடும்பங்களும் நம்மிடையே வாழ்கின்றன. எந்த வீட்டுப் பெயரையும் அச்சேற்றும் முன் அந்த வீட்டுப் படியேறிக் கேளுங்கள்.

இறந்தவரைத் தேடுதல்

திரும்பி வராத துரைக்குப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவு இலவசமாகக் கிடைக்கும். இலங்கையில் கொழும்பு லிவெரமென்டு, கண்டி, திருகோணமலை ஆகிய இடங்களில் அதன் கல்லறைகள் இருக்கின்றன. உடல் கிடைக்காத விமானப்படையினர் ஆசியாவில் என்றால் சிங்கப்பூர் நினைவகத்திலும், பிரித்தானியாவிலோ வட, மேற்கு ஐரோப்பாவிலோ என்றால் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவகத்திலும் பெயராக இருப்பார்கள். கல்லில் பெயருக்குப் பக்கத்தில் விருதின் எழுத்துகளும் இருக்கும். பெற்றோர் பெயரும் பதிவில் இருப்பதுண்டு. சில பதிவுகளில் ‘சிலோன்’ என்ற சொல்லும் வரும். அப்படி வந்தால் தோட்டத்தோடு பொருத்த அதைவிட நல்ல கயிறு இல்லை.

உங்கள் பக்கத்துத் தாள்கள்

கியூவில் இருப்பவை பத்திரமாக இருக்கின்றன. நம் பக்கத்தில் இருப்பவைதான் ஒவ்வொரு மழைக்கும் அழிகின்றன. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையானபோது ஒப்பீசுகள் கைமாறின. 1992 இல் கம்பனிகளுக்குப் போனபோது மறுபடி கைமாறின. ஒவ்வொரு மாற்றத்திலும் மூட்டை மூட்டையாகப் பழைய புத்தகங்கள் வெளியேறின. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் பின் கப்பலேறிய குடும்பங்களோடு ஞாபகங்களும் நீலகிரியின் கோத்தகிரி போன்ற இடங்களுக்குப் போய்விட்டன. அங்கே உங்களுக்கு ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருந்தால் இந்த வாரமே ஃபோனில் கேளுங்கள். எந்தத் துரை, எந்த வருடம், எப்போது போனார், யார் வந்தார் என்று கேட்டு, பதிவு செய்யுங்கள்.

அந்தப் பெரியவரிடம் நான் இரண்டாம் முறை போனபோது நட்சத்திரத்தைப் பற்றி உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நான் கேட்டேன்:

“சண்டை நேரத்துல உங்கப்பா எங்க இருந்தாரு ஐயா?”

“எங்க போவாரு? இங்கதான். பால் வெட்டுனாரு. மரமே செத்துப்போற மாதிரி வெட்டச் சொன்னாங்களாம். விடியக்காலைல பெரட்டுக்குப் போனா இருட்டிதான் வருவாராம்.”

மலாயா போன பின் நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் கிடைத்த பெரிய இடம் இலங்கை. மரத்தின் ஆயுளைப் பார்க்காமல் பட்டை முழுதும் வெட்டிப் பால் எடுக்கும் முறை அன்று சப்ரகமுவத் தோட்டங்களில் நடந்தது. விமானச் சக்கரத்துக்கும் இறப்பர் வேண்டும். அந்தப் பெரியவரின் தகப்பனாரைப் பற்றிய ஒரே எழுத்துச் சான்று தோட்டத்துச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் இருக்கும் பேர்க் கணக்குதான்.

ஆகவே கோப்பு ஒன்றைத் திறக்கும்போது இரண்டு அட்டைகள் வையுங்கள். ஒன்றில் துரையின் இலக்கம், ஸ்குவாட்ரன், கசெட் பக்கம், நாட்குறிப்புத் திகதி. மற்றதில் அதே மாதங்களின் செக்ரோல், பெரட்டுக் கணக்கு, லயத்தில் சொன்ன வாய்மொழி, சொன்னவரின் உறவு, கேட்ட திகதி. இரண்டாவது அட்டை இல்லாத கோப்பை நான் முடிந்த கோப்பாக ஏற்றுக்கொள்வதில்லை.

அந்த நட்சத்திரத்தைப் படமெடுத்து நான் எழுதிவைத்த குறிப்பு இது: ‘1939–45 நட்சத்திரம். பெயர் பொறிக்கப்படவில்லை. உரியவர் இன்னும் உறுதியாகவில்லை. வைத்திருப்பவரின் தகப்பனார் போர் முடியும் வரை இதே தோட்டத்தில் பால் வெட்டியவர்.’ ஒரு பிரதி அவர் வீட்டில், ஒரு பிரதி தோட்டப் பாடசாலையில்.

உங்கள் தோட்டத்து ஒப்பீசின் மூலையில், ஸ்டோரின் பரணில், பழைய கணக்கப்பிள்ளையின் வீட்டில் இப்படிப்பட்ட புத்தகம் ஒன்று இருந்தால், அனுமதி கேட்டுப் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். பாடசாலைக்கு ஒரு பிரதி கொடுங்கள், ‘நூலகம்’ என்ற எண்ணிமக் காப்பகத்துக்கு ஒன்று அனுப்புங்கள். அடுத்த மழைக்கு முன் செய்யுங்கள்.